ஜன்னலோரம் சிடோனி, எண்ணெய், 92க்கு 73

நாங்கள் அரசாங்கத்திடம் கேட்டது ஒரு சாக்கடை. வந்து சேர்ந்தது ஒரு ஓவியம்.

மொந்தார்லே நகரசபை ஆறு வருஷமாகச் சாக்கடைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த மனு பாரிசில் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்கு நகர்ந்ததோ, 1911 ஜூலையில் ரயிலில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. கூடவே வந்த கடிதம் 'தங்கள் நீண்டநாள் கோரிக்கைக்கு இணங்கி' என்று ஆரம்பித்தது. மேயர் பெட்டியைத் திறந்து, படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அடியில் குழாய் ஏதாவது இருக்கிறதா என்று வைக்கோலைக் கிளறிப் பார்த்தார். நான் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நகரசபைக்கும் மியூசியத்துக்கும் நடுவில் காப்பிக்கடை வைத்திருப்பவன் நான். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் வேலை நேரம் முழுக்க என் கடையில்தான் இருப்பார்கள். ஆகவே நான் சொல்லப்போவதில் கேள்விப்பட்டது குறைவு, கண்ணால் பார்த்தது அதிகம்.

படம் நல்ல படம்தான். அதை மறைக்கக் கூடாது. எங்கள் ஊர் மதாம் கெனெலின் வரவேற்பறையை வரைந்திருந்தது. மஞ்சள் பட்டுத் திரை, கணப்புக்கு மேலே தங்கச் சட்டம் போட்ட பெரிய கண்ணாடி, யாரும் வாசிக்காத பியானோ, முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் மரத்தரை. முன்னால் ஒரு வட்ட மேஜை. அதன்மேல் பீங்கான் தட்டில் ஏழு பேரிக்காய். பின்னால் ஜன்னலோரம் நீலப் பட்டு அங்கி போட்ட ஒருத்தி, முகத்தைக் காட்டாமல், வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வெயில் அவள் காதில் மட்டும் விழுகிறது. அந்தக் காது ஒன்றுக்காகவே நான் மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

காது மதாம் கெனெலுடையது இல்லை. நோட்டரியின் விதவையான அந்த அம்மாள், தன்னையும் தன் அறையையும் வரைவதற்காக எவரிஸ்த் பொக்கே என்ற ஓவியரை பாரிசிலிருந்து வரவழைத்தார். இரண்டு நாள் உட்கார்ந்தார். ஓவியர் உள்ளதை உள்ளபடி வரைகிற ஆள் என்று தெரிந்ததும் அவருக்கு இடுப்புவலி வந்துவிட்டது. "என் அங்கியப் போட்டுக்கிட்டு நீ உக்காருடி. மூஞ்சிய மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கோ," என்று வேலைக்காரி சிடோனியிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சிடோனி காஷார் பதினாலு வருஷமாக அந்த அறையைத் துடைப்பவள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது ஓவியத்துக்காக உட்கார்ந்த பதினோரு நாள்தான். ஓவியர் நியாயஸ்தர். படத்தின் பின்பக்கத்தில் 'ஜன்னலோரம் சிடோனி காஷார்' என்று தெளிவாக எழுதிவைத்தார். அவர் கொஞ்சம் அநியாயக்காரராக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தன் முகம் இல்லாத படம் வேண்டாம் என்று மதாம் கெனெல் சொல்லிவிட, ஓவியர் அதை பாரிசில் அரசாங்கத்துக்கு விற்றார். அரசாங்கம் வாங்கும் படம் எதுவும் சும்மா தொங்க முடியாது. பாரிசில் ஓவிய வகைப்பாட்டு உயர்குழு என்று ஒன்று இருக்கிறது. அது வகை சொன்ன பிறகுதான் ஆணி அடிக்கலாம். முதலில் 'உள்ளறை' என்று எழுதலாமா என்று குழு யோசித்ததாம். அப்படி எழுதினால் கோப்பு உள்துறைக்குப் போய்விடும் என்று யாரோ பயமுறுத்த, அதைக் கைவிட்டார்கள். பிறகு விதிப்படி அளந்தார்கள். படத்தில் எது அதிக இடத்தைப் பிடிக்கிறதோ அதுவே வகை. பேரிக்காய் ஏழும் சேர்த்து 412 சதுர சென்டிமீட்டர். சிடோனி 398. நாற்காலி மறைத்த பாகத்தைச் சேர்க்க விதி இல்லை.

எங்கள் பிரெஞ்சு மொழியில் பழமும் பாத்திரமும் வரைந்த படத்துக்குச் 'செத்த இயற்கை' என்று பெயர். இயற்கைக்கும் தன்மைக்கும் எங்களிடம் ஒரே சொல்தான். அது பெண்பால் வேறு. குழு ஒரு படிவத்தை நிரப்பி மியூசியத்துக்கு அனுப்பியது. ஊர்க்காரர் ஒருவரின் பெயர் அதில் இருந்ததால், சட்டப்படி அதன் நகல் நகரசபைப் பதிவு அலுவலகத்துக்கும் வந்தது. பதிவாளர் மொசியே புருவோவின் மேஜைக்கு வந்த அந்தக் காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

பெயர்: சிடோனி காஷார்.
இடம்: ஜன்னலோரம்.
தன்மை: செத்தவள்.
செய்முறை: எண்ணெய்.
அளவு: 92க்கு 73.

புருவோ முப்பத்தொரு வருஷமாக ஒரு பிழை இல்லாமல் வேலை பார்த்தவர். நிதானமாகப் படித்தார். பெயரும் பெண், தன்மையும் பெண்பால், இலக்கணம் சரியாக இருந்தது. ஜன்னலிலிருந்து விழுந்திருக்கிறாள். எண்ணெய் என்றால் சாகும் நேரத்தில் பூசுகிற எண்ணெய், பாதிரியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்திருக்கிறார், நல்ல சாவு. சவப்பெட்டியின் அளவு ஒரு வளர்ந்த பெண்ணுக்குக் கொஞ்சம் கட்டைதான். ஆனால் பெட்டி அவர் துறை இல்லை. பேனாவை மையில் தொட்டு, சிடோனியின் பிறப்புப் பதிவின் ஓரத்தில் சாவைக் குறித்து, மை உறிஞ்சும் தாளால் ஒற்றினார்.

இது எதுவும் தெரியாமல் சிடோனி ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதமும் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் அவளும் ஒனேசிம்மும் கல்யாண அறிவிப்பு ஒட்டுவதற்காக நகரசபைக்கு வந்தார்கள். ஒனேசிம் தண்டவாளம் பழுதுபார்க்கும் தொழிலாளி. நல்லவன், நாற்பது வயது, பேசினால் தொப்பியைச் சுருட்டிக்கொண்டே பேசுவான். ஊருக்கு வெளியே நெட்டிலிங்க மரச் சாலையில் ரயில் பாதை குறுக்கிடுகிற இடத்தில், நாற்பத்தேழாம் நம்பர் கேட்டு வீடு காலியாகியிருந்தது. ரயில் கம்பெனி அதைத் தனி ஆளுக்குக் கொடுக்காது. புருஷன் தண்டவாளத்தைப் பார்க்கவேண்டும், பெண்டாட்டி கேட்டைப் பார்க்கவேண்டும், அதுதான் ஏற்பாடு. அக்டோபர் முதல் தேதி பகல் பன்னிரண்டுக்குள் கல்யாணச் சான்றிதழோடு போனால் சாவி இவர்களுக்கு. இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்திருக்கும் ஜோடிக்கு.

உள்ளே போகும் முன் என் கடையில் ஆளுக்கொரு காப்பி குடித்தார்கள்.

"அந்த வீட்டுல ஜன்னல் எத்தனைன்னு சொன்னே?" என்று சிடோனி கேட்டாள்.

"மூணு. இதோட எட்டாவது தடவ கேக்குற."

"மூணுலயும் நான்தான் உக்காருவேன். எந்த ஜன்னல்ல எப்போ உக்காரணும்னு எனக்கு எவளும் சொல்லக் கூடாது. தெரிஞ்சுதா?"

"நான் எங்க உக்கார்றது?"

"நீ தண்டவாளத்துல உக்காரு, உன் வேலை அங்கதான," என்று சிரித்தாள். முப்பத்தாறு வயதில் ஒருத்தி அப்படிச் சிரித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அறிவிப்புக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட நானும் கூடப் போனேன்.

புருவோ பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"என் ஆழ்ந்த அனுதாபங்கள், மத்மசேல்."

"யார் செத்தா?"

"நீங்கதான். ஜூலை பத்தொம்பதாம் தேதி. ஜன்னல்லேர்ந்து விழுந்து."

சிடோனி ஒனேசிமைப் பார்த்தாள். ஒனேசிம் தொப்பியைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"மொசியே, அது தரைத்தளம். ஜன்னல்லேர்ந்து விழுந்தா ரோஜாச் செடியிலதான் விழணும்."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு," என்றார் புருவோ பரிவோடு.

"நான் உங்க முன்னாடி நிக்கிறேனே! போன செவ்வாக்கெழம மீன் கடையில உங்களுக்கு வணக்கம் சொன்னேனே!"

"சொன்னீங்க. நானும் பதிலுக்குச் சொன்னேன். அப்போ நான் டியூட்டில இல்ல. மத்மசேல், நீங்க நிக்கிறத நான் மறுக்கல. ஆனா நிக்கிறதுக்கு எங்ககிட்ட பதிவேடு கெடையாது. சாகறதுக்கு இருக்கு."

"இவங்க உயிரோட இருக்காங்கன்னு ஒரு சான்றிதழ் குடுங்களேன்," என்றேன் நான்.

"தாராளமா. அதுக்குப் பொறப்புப் பதிவு வேணும். ஓரம் சுத்தமா இருக்கணும். இவங்க ஓரத்துல சாவு இருக்கு. அத அடிக்கணும்னா தன்மைய மாத்தணும். தன்மைய மாத்தறது மியூசியம். அது என் துறை இல்ல." பிறகு ஒனேசிம் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நீங்க சின்ன வயசுதான். வேற யாராவது பாத்துக் கட்டிக்கலாமே," என்றார்.

ஒனேசிம் அவரை அடிக்கப் போனான். நான் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படுகிறேன்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. பாதிரியார் நல்ல மனசுக்காரர். நகரசபையில் கல்யாணம் பதிவாகாமல் கோயிலில் மந்திரிக்க அவருக்கு அதிகாரம் இல்லை, ஆனால் இறந்தவர்களுக்கான பூசை வேண்டுமானால் உடனே வைத்துத் தருகிறேன் என்றார். மதாம் கெனெலுக்கோ ஒரே ஆத்திரம். "சாகறதா இருந்தா எட்டு நாள் முன்னாடி சொல்லணும்னு தெரியாதா உனக்கு? வேலைய விட்டு நிக்கிறவ எல்லாரும் அப்படித்தான் சொல்றா. என் அங்கியப் போட்டுக்கிட்டுச் செத்திருக்க, கேட்டியா ஒரு வார்த்த?" என்று சத்தம் போட்டார். அதற்காகக் காலைக் காப்பியை வேறு ஆள் கொண்டுவரவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சிடோனி செத்த பிறகும் ஆறு மணிக்கு எழுந்து கணப்பு மூட்டினாள்.

மியூசியக் காப்பாளர் தெஷோம் பாரிசுக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது: புகார் குழப்பமாக உள்ளது, பேரிக்காய்கள் ஏதும் ஆட்சேபம் தெரிவித்துள்ளனவா? மறுபடி எழுதினார். செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி மூவர் குழு நேரில் வரும் என்று தந்தி வந்தது. அக்டோபர் முதல் தேதிக்கு இரண்டே நாள். சிடோனி கேட்டு வீட்டின் ஜன்னல்களுக்கு ஏற்கெனவே திரை தைத்து முடித்திருந்தாள். மூன்று திரை, கட்டம் போட்ட சிவப்புத் துணி. அவற்றை ஒரு பொட்டலமாகக் கட்டி என் கடையில் கொடுத்து, "இங்க இருக்கட்டும். அந்த வீட்டுல வெச்சா அழுதுருவேன்," என்றாள்.

குழு வந்தது. தலைவர் இன்ஸ்பெக்டர் ஜெனரல் பொந்தூர், நெஞ்சில் அரசாங்க விருதின் சிவப்பு நாடா, கையில் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. மற்ற இருவரில் ஒருவர் அளப்பவர், மற்றவர் ஆமோதிப்பவர். வந்ததும் என் கடையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். முயல் கறியில் ஆரம்பித்துப் பாலாடைக்கட்டி முடிய மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் சிடோனி மியூசியத்தில், மதாம் கெனெல் முணுமுணுத்துக்கொண்டே அனுப்பிவைத்த நாற்காலியில், நீல அங்கியோடு, படத்துக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருப்பவளும் படத்தில் இருப்பவளும் ஒருத்திதானா என்று ஒப்பிடுவதற்காகக் காப்பாளர் அப்படி உட்காரவைத்திருந்தார். முன்னால் வட்ட மேஜை, தட்டு, ஏழு பேரிக்காய். எதிலும் குறை வைக்கவில்லை.

பொந்தூர் வாயைத் துடைத்துக்கொண்டு மியூசியத்துக்கு வந்து, முதலில் சொற்பொழிவு ஆற்றினார். மேயரும் நகரசபையும் கேட்க நின்றார்கள்.

"கனவான்களே! கலைன்னா என்ன? வண்ணமா? கோடா? இல்லவே இல்ல. கலைன்னா வகைப்பாடு! ஓவியன் பாவம், எதையோ பூசிட்டுப் போயிடுறான். பூசினது என்னன்னு அவனுக்கு நாங்கதான் சொல்லணும். முப்பது வருஷமா சொல்லிட்டு வர்றோம். இந்த முப்பது வருஷத்துல நான் ஒரு படத்தக்கூட பார்த்தது கெடையாது. பெருமையா சொல்றேன். பார்த்தா ஒருவேளை பிடிச்சுப்போயிடும். பிடிச்சுப்போச்சுன்னா நடுநிலை போயிடும்!"

ஆமோதிப்பவர் ஆமோதித்தார். அளப்பவர் டேப்பை எடுத்துக்கொண்டு சிடோனியின் காதை அளந்தார், பிறகு படத்தின் காதை அளந்தார். விகிதம் சரியாக இருந்தது. தோள் சரி, கழுத்து சரி.

"ஒருத்திதான்," என்றார் அளப்பவர்.

"அப்பாடா!" என்று சிடோனி திரும்பி, "அப்ப நான் உயிரோட இருக்கேன்னு எழுதிடுங்க," என்றாள்.

பொந்தூர் கைத்தடியால் தரையைத் தட்டினார். "அசைஞ்சுட்டாங்க. இப்போ இவங்க படத்துல இருக்கிறவங்க இல்ல. படத்துல இருக்கிறவங்க அசையல."

சிடோனி பழையபடி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்போ அவங்கதான். ஆனா இப்போ உயிரோட இருக்கறதுக்கு அடையாளம் ஒண்ணும் தெரியல."

"மூச்சு விடறா, மொசியே!" என்று ஒனேசிம் பின்னாலிருந்து கத்தினான்.

"மூச்சு சுவாச சம்பந்தப்பட்டது. அது எங்க துறை இல்ல." பொந்தூர் காப்பாளரிடம் திரும்பினார். "சிக்கல் புரியுதா? அசைஞ்சா அவங்க இல்ல. அசையலைன்னா உயிர் இல்ல. இவங்க ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணட்டும். நாங்க ஒத்துழைக்கத் தயார்."

அசைவதும் அசையாமல் இருப்பதுமாக ஒரு மணி நேரம் போனது. காலையில் ஒரு ரொட்டித் துண்டு தின்றவள் அவள். எதிரே பழம். யாரும் பார்க்காத ஒரு நொடியில் சிடோனி கையை நீட்டி ஒரு பேரிக்காயை எடுத்துக் கடித்தாள்.

அந்தச் சத்தத்தில் மூவரும் திரும்பினார்கள். அளப்பவருக்கு முகம் வெளிறிவிட்டது. "ஆறு! ஆறுதான் இருக்கு! ஒண்ணுக்கு அம்பத்தொம்பது சதுர சென்டிமீட்டர். மிச்சம் முன்னூத்தி அம்பத்து மூணு. இந்தம்மா முன்னூத்தித் தொண்ணூத்தெட்டு. இவங்க ஜெயிச்சுட்டாங்க!"

சபையில் ஒரு சலசலப்பு. மேயர்கூடக் கைதட்டினார். புருவோ பேனாவை எடுத்தார். ஒரு பேரிக்காய் தொண்டைக்குள் இறங்கியதால் ஒரு பெண் உயிர்த்தெழுந்துவிட்டாள் என்று நாங்கள் நிஜமாகவே நம்பினோம்.

பொந்தூர் படத்தை நோக்கிக் கைத்தடியை நீட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "படத்துல ஏழு இருக்கு. படம் தேசத்தோட சொத்து. அது தப்பா இருக்க முடியாது. அப்போ மேஜைதான் தப்பு. இன்னொரு பேரிக்கா கொண்டுவாங்க!"

கொண்டுவந்தார்கள். சிடோனி மறுபடி செத்துப்போனாள்.

பிறகு பொந்தூர் தீர்ப்பைச் சொல்லி எழுதவைத்தார். இந்தப் பெண் ஓவியத்தோடு எல்லா அளவிலும் ஒத்துப்போவதாக நிரூபணமாகிவிட்டதால் இவள் ஓவியத்தின் பகுதியே. ஓவியம் அரசாங்கத்துடையது. ஆகவே இவளும் அரசாங்கத்துடையவள். தேசியச் சொத்தை விற்கவோ, கொடுக்கவோ, கல்யாணம் செய்துகொடுக்கவோ கூடாது. மியூசியத்தில் வைத்துப் பாதுகாக்கவேண்டும்.

"எங்க வைக்கிறது?" என்று காப்பாளர் அலறினார். "எடமே இல்லீங்க! ஏற்கெனவே மூணு சிலைங்க கக்கூஸ்ல நிக்குது!"

ஒனேசிம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அவன் அழுததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். என் கடையில் இருக்கிற அந்தத் திரைப் பொட்டலம் நினைவுக்கு வந்தது. மூன்று பேர் சேர்ந்து ஒரே மத்தியானத்தில் ஒருத்தியின் வாழ்க்கையை மடித்துக் கோப்புக்குள் வைத்துவிட்டார்கள்.

சிடோனி மட்டும் அழவில்லை. பதினாலு வருஷம் மதாம் கெனெலிடம் வேலை பார்த்தவளுக்கு, காது கொடுக்காத ஆட்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று தெரியும். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, அலமாரியில் பாத்திரம் எங்கே வைப்பது என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"மொசியே, மியூசியத்துல எடம் இல்லைன்னா நீங்க சாமானெல்லாம் எங்க வெப்பீங்க?"

பொந்தூர் யார் கேட்டது என்றுகூடப் பார்க்கவில்லை. கேள்வி விதிப்படி இருந்தது. "பொதுப் பயன்பாட்டுக் கட்டடங்கள்ல வைப்பா வைக்கலாம். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, ரயில்வே ஸ்டேஷன்."

"ரயில்வே கேட்டு வீடு?"

"அதுவும் பொதுப் பயன்பாடுதான்."

"நாப்பத்தேழாம் நம்பர் கேட்டு வீட்டுல செவுரு காலியா இருக்காம். பொறுப்பா பாத்துக்க ஆளும் இருக்காரு."

பொந்தூர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஐந்து பத்து பாரிஸ் வண்டிக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது. "எழுதுய்யா," என்றார்.

அந்த வைப்பு ஆணையின் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது. 'ஜன்னலோரம் சிடோனி காஷார்' என்னும் தேசியச் சொத்தின் பகுதி, நாற்பத்தேழாம் நம்பர் கேட்டு வீட்டில் காலவரையின்றி வைக்கப்படுகிறது. பொறுப்பாளர்: ஒனேசிம் பாத்தூ. ஈரம் படாமலும் நேர் வெயில் படாமலும் பாதுகாக்கவேண்டும். கணப்புக்கு மிக அருகில் வைக்கக் கூடாது. முதுகைச் சுவரில் உரசவிடக் கூடாது. வருஷம் ஒரு முறை மென்மையான துணியால் தூசி தட்டலாம். குழு ஆண்டுதோறும் வந்து பார்வையிடும். கீழே மூன்று முத்திரை.

முதல் தேதி காலை பதினொன்றரைக்கு ரயில் கம்பெனி அலுவலகத்தில் ஒனேசிம் அதை நீட்டினான். அங்கிருந்த அதிகாரி கல்யாணச் சான்றிதழ் எங்கே என்று கேட்க வாயெடுத்தவர், முத்திரைகளைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். "கல்யாணச் சான்றிதழ்ல ஒரு முத்திரதான் இருக்கும்," என்று என்னிடம் காதோடு சொன்னார். "இவங்களுக்கு அரசாங்கமே மூணு போட்டுக் குடுத்திருக்கே. பெரிய எடம் போல." சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே மூன்று ஜன்னலிலும் சிவப்புக் கட்டம் போட்ட திரை தொங்கியது. சிடோனி முதல் ஜன்னலில் கொஞ்ச நேரம், இரண்டாவதில் கொஞ்ச நேரம், மூன்றாவதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். ஒனேசிம் மென்மையான துணி ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே சுற்றினான்.

அடுத்த வருஷம் பொந்தூர் பார்வையிட வந்தார். ஸ்டேஷனிலிருந்து கேட்டு வீட்டுக்கு வாடகைக்குப் போகிற ஒரே குதிரைவண்டி என்னுடையது. சிடோனி ஜன்னலில் திரும்பி உட்கார்ந்தாள். அவர் சுற்றிவந்து பார்த்து, குறிப்பேட்டில் எழுதினார்: 'நிலை நன்று. முன்பக்கம் சற்றே உப்பியிருக்கிறது. ஈரம் காரணமாக இருக்கலாம்.' ஒனேசிம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

பெண் குழந்தை பிறந்தது. அப்பாவுடைய மூக்கு, அம்மாவுடைய காது. செத்தவளுக்குப் பிறந்த குழந்தையைப் பதிவு செய்யப் புருவோவிடம் பதிவேடு இல்லை. தன் கடமை தவறாத மனுஷன், விஷயத்தை பாரிசுக்கு எழுதிவிட்டார்.

1913 செப்டம்பரில் பொந்தூர் வேகமாக வந்து இறங்கினார். வண்டியில் ஏறும்போதே கடுகடுவென்று இருந்தார். "அனுமதி இல்லாம ஒரு நகல் எடுத்திருக்காங்களாம். காதுகூட அப்படியேவாம். நகல் எல்லாம் பாரிஸ்ல நகல் பிரிவுக்குத்தான் சேரணும். இன்னிக்கு எடுத்துட்டுப் போறேன். வைக்கோல் வெச்சுப் பெட்டி கொண்டுவந்திருக்கேன்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பெட்டி நிஜமாகவே இருந்தது. எங்கள் சாக்கடைக்குப் பதில் வந்த பெட்டி மாதிரியே இருந்தது. குதிரையை மெதுவாக நடத்தினேன். வழியில் ஒனேசிம் தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். "ஒனேசிம், நகல வாங்க வந்திருக்காங்க!" என்று கத்தினேன். அவன் சுத்தியலைப் போட்டுவிட்டுக் குறுக்கு வழியில் ஓடினான்.

நாங்கள் கேட்டருகே போவதற்கும் வெள்ளைக் கட்டை எங்கள் மூக்குக்கு முன்னால் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் நாங்கள். சிடோனி கம்பெனித் தொப்பியும் கையில் சிவப்புக் கொடியுமாக நின்றாள். நடந்து போகிறவர்களுக்கான சின்னக் கதவுக்கும் பூட்டு மாட்டினாள்.

"மதாம்!" பொந்தூர் வண்டியிலிருந்து குதித்தார். "தெறங்க! நான் இன்ஸ்பெக்டர் ஜெனரல்!"

"வண்டி வருது, மொசியே. கட்டை எறங்கினா மந்திரியே வந்தாலும் தாண்டக் கூடாது. உங்க பின்னாடி பலகையில போட்டிருக்கு, பாருங்க."

பொந்தூர் திரும்பிப் பலகையைப் படித்தார். விதி தெளிவாக, எண் போட்டு, முத்திரையோடு இருந்தது. முப்பது வருஷம் விதிக்கு முன்னால் குனிந்த முதுகு, தானாகவே குனிந்தது. கட்டையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

அரை மணி நேரம் ஆனது. தண்டவாளத்தில் ஒரு காக்கை நடந்து போனது. வெயில் அவர் வழுக்கையில் இறங்கியது. பாரிசுக்குத் திரும்பும் ஐந்து பத்து வண்டியைத் தவிர அன்றைக்கு அந்தப் பாதையில் வேறு வண்டி கிடையாது. அது எனக்குத் தெரியும், சிடோனிக்கும் தெரியும். மணி அப்போது இரண்டு.

"மதாம், வண்டி எப்போ வரும்?"

சிடோனி வீட்டுக்குள் போய்க் குழந்தையை எடுத்துக்கொண்டு வந்தாள். நடு ஜன்னலில், எங்களைப் பார்த்தபடி, நேர் வெயிலில், முழு முகமும் தெரிய உட்கார்ந்தாள். குழந்தையின் கையில் ஒரு பேரிக்காயைக் கொடுத்தாள்.

"அது என் துறை இல்லீங்க," என்றாள். "அசையாம நில்லுங்க."